தண்ணியில்லாத காட்டில் என்னதான் பார்ப்பது?

தமிழ்ப் படங்களில் போலீஸ் அதிகாரியை மிரட்ட ஒரு வசனம் வைத்திருப்பார்கள். "தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்". அந்தக் காடு வேறெங்கும் இல்லை, எங்க ஊர்ப் பக்கம்தான். பழைய ராமநாதபுரம் ஜில்லா. 1910ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் இருந்து வெட்டி எடுத்து உருவாக்கியது. 1985ல் அதை மூன்றாகப் பிரித்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஜில்லா பெயர் மாறினாலும் வசனம் மாறவில்லை.

எங்கள் வகுப்பில் ஒருவன் என்றைக்காவது ப்யூனஸ் அயர்ஸ் போயே தீருவது என்று இருக்கிறான் (காரணம் மெஸ்ஸி என்று சொல்லத் தேவையில்லை). பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியலே வைத்திருக்கிறான். 1908ல் திறந்த கொலோன் ஓபரா அரங்கம், 1936ல் கட்டிய ஒபெலிஸ்க், போக்கா ஜூனியர்ஸ் மைதானம், அதற்குப் பக்கத்தில் கலர் கலராகப் பெயின்ட் அடித்த தகர வீடுகள் இருக்கும் தெரு. இதெல்லாம் சரி. பட்டியலில் ஒரு சுடுகாடும் இருக்கிறது! ரெக்கோலெட்டா கல்லறைத் தோட்டம், 1822ல் ஆரம்பித்தது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் யாரும் அதைத் தவறவிடுவதில்லையாம். முக்கியமாக நடிகையாக இருந்து நாட்டையே ஆட்டிவைத்த ஏவா பெரோனின் கல்லறை. பட்டியலை எல்லாம் காட்டிவிட்டு என்னைப் பார்த்து, "உங்க ஊருக்கு வந்தா என்னடா காட்டுவ?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இது. ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாததால் கட்டுரையாகிவிட்டது.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ப்யூனஸ் அயர்ஸ் வந்தவர்கள் கட்டிய ஊர். இத்தாலியில் இருந்தும் ஸ்பெயினில் இருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்தத் தகர வீடுகளே அப்படி வந்த இத்தாலியர்கள் துறைமுகத்தை ஒட்டிப் போட்டுக்கொண்டவைதான். எங்க ஊர் நேர் எதிர். இது போனவர்களின் ஊர். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை, மிளகாயும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் இங்கே பார்க்கக் கிடைப்பதெல்லாம் பெரிய காரியம் நடந்து முடிந்த இடங்கள் அல்ல. பெரிய காரியம் செய்தவர்கள் கிளம்பிப் போன இடங்கள். இந்தக் கண்ணோடு வந்தால் ஒரு நாள் போதாது. இல்லாவிட்டால் அரை நாளே அதிகம்.

திருச்சுழியில் ஆரம்பிப்போம். அருப்புக்கோட்டையில் இருந்து கிழக்கே பஸ் பிடித்தால் கொஞ்ச நேரம்தான். ரயிலிலும் வரலாம். விருதுநகர் - மானாமதுரை பாதை 1963-64ல் போட்டது, 2013ல் அகலப்பாதை ஆனது, திருச்சுழியிலேயே ஸ்டேஷன் உண்டு.

ஊர்ப் பெயரைக் கவனித்தீர்களா? சுழி என்றால் நீர்ச்சுழல். குண்டாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல் மட்டும் ஓடும் ஊருக்கு நீர்ச்சுழல் என்று பெயர்! ஒரு பிரளயத்தில் உலகமே மூழ்கப் போனபோது சிவன் சூலத்தால் பூமியில் துளை போட்டு, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறக்கினாராம். தல புராணம் அப்படிச் சொல்கிறது. வெள்ளத்தையே பார்க்காதவர்கள் இப்படி ஒரு கதை கட்டுவார்களா? குண்டாறு வரும்போது எப்படி வரும் என்று தெரிந்தவர்கள் சொன்ன கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வறண்ட பூமி என்றால் தண்ணீரே வராத பூமி என்று அர்த்தம் இல்லை. வந்தால் மொத்தமாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. அதைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள்.

திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். பாண்டிய நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 14, அவற்றில் ஒன்று. அம்மன் பெயர் துணைமாலை அம்மன். பிற்காலத்தில் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆதரவில் இருந்த கோயில். கோயில் குளத்தைப் பற்றி ஒரு விசேஷம் சொல்வார்கள். மாசி மகத்துக்கு முந்தைய பத்து நாட்களில் தண்ணீர் படிப்படியாக ஏறுமாம், பிறகு அதே மாதிரி இறங்குமாம். ரமண மகரிஷியின் வரலாறுகளிலும் இது வருகிறது.

ஆமாம், ரமணர் இந்த ஊர்க்காரர்தான். திருவண்ணாமலை ரமணர் என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நாளின் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கோயிலுக்குப் பக்கத்து வீடு ஒன்றில் வெங்கட்ராமனாகப் பிறந்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சம் முடிந்து சரியாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீடு இப்போது சுந்தர மந்திரம் என்ற பெயரில் ரமணாசிரமத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அப்பா சுந்தரமய்யரின் பெயரால் வைத்த பெயர்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு மகனை விட அப்பாவின் கதையில் சுவாரசியம் அதிகம். சுந்தரமய்யர் பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக மாசம் 2 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தவர். பிறகு மனு எழுதிக் கொடுத்தார், பிறகு பட்டம் இல்லாமலேயே வக்கீலாக வாதாட அனுமதி பெற்றார். 1892ல் அவர் இறந்ததும் குடும்பம் சிதறியது, வெங்கட்ராமன் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனான். 1895ல் திருச்சுழியில் பழக்கமான ஒரு வயதான உறவினர் மதுரைக்கு வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு அருணாசலத்தில் இருந்து என்று பதில் வந்தது. அப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறது என்பது அந்தப் பையனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் கிளம்பிவிட்டார். அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்தார். உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இத்துடன் 2 ரூபாய் இருக்கிறது என்ற தகவலையும் எழுதி வைத்தார். உலகத்தைத் துறந்து போகிறவர் வரவு செலவைச் சரியாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணக்கர் வீட்டுப் பிள்ளை இல்லையா :-)

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950ல் மறையும்வரை அந்த ஊரை விட்டு வரவில்லை. பால் பிரண்டன் 1934ல் எழுதிய புத்தகம் அவரை வெளிநாடுகளில் பிரபலமாக்கியது. 1938ல் சாமர்செட் மாம் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் நாவலிலும் கொண்டுவந்தார். இன்று திருச்சுழியில் ஒரு வெள்ளைக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கையை மட்டும் காட்டுவார்கள், அந்தப் பக்கம் சுந்தர மந்திரம் என்று.

அவர்களில் பெரும்பாலோர் பார்க்காமல் போகும் இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்திலேயே முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பள்ளிமடம்.

"ரெக்கோலெட்டா சுடுகாடு" என்று வாயைப் பிளந்த நண்பனுக்கு நான் காட்டப்போவது இதைத்தான். பள்ளிமடம் காளநாதர் கோயில் ஒரு பள்ளிப்படை. அதாவது இறந்துபோன அரசர் ஒருவருக்காக எழுப்பிய கோயில். கல்வெட்டுகளில் இதன் பெயர் பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈஸ்வரம். சோழ நாட்டில் பள்ளிப்படைகள் பேசப்படுகின்றன. மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு, பழையாறைப் பக்கம் பஞ்சவன் மாதேவிக்கு என்று புத்தகங்களில் வரும், கும்பகோணம் போகிறவர்கள் தேடிப்பிடித்துப் பார்ப்பார்கள். பாண்டியர்களின் பள்ளிப்படை ஒன்று எங்கள் கருவேலங்காட்டில் இருப்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

இந்தக் கோயிலுக்குக் கொடை கொடுத்த கல்வெட்டுகளில் ஒரு அரசர் பெயர் திரும்பத் திரும்ப வரும். "சோழன் தலைகொண்ட" வீரபாண்டியன். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலன் வெட்டுகிறானே, நந்தினி பழிவாங்கத் துடிக்கிறாளே, அதே வீரபாண்டியன்தான். பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இவன் "சோழன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான், பிறகு ஆதித்த கரிகாலன் "வீரபாண்டியன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான். கதையிலும் 2022, 2023ல் வந்த சினிமாக்களிலும் நாம் பார்த்ததெல்லாம் சோழர் பக்கத்து வீரபாண்டியன். பாண்டிய மண்ணில் அவன் வேறு மாதிரி. தன் குலத்து அரசன் ஒருவனின் நினைவுக் கோயிலில் விளக்கு அணையாமல் எரிய ஏற்பாடுகள் நடந்தது இவன் ஆட்சியில்தான்.

அந்த விளக்குக்கான ஏற்பாட்டைத்தான் நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அலைகிறேன். ஒரு நந்தா விளக்குக்கு 50 ஆடு கொடுப்பார்கள். இந்த ஆடுகளுக்கு அந்தக் காலக் கல்வெட்டுகளில் ஒரு அழகான பெயர் உண்டு. சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடாகாத ஆடு! ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? ஆட்டை வாங்கிக்கொள்கிற இடையர் தினமும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால், கிழடானால், அதற்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும். எண்ணிக்கை மட்டும் 50க்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது மூலதனத்தில் கை வைக்காதே, வருமானத்தை மட்டும் செலவு செய். பேங்கில் பிக்சட் டெபாசிட் போட்டுவிட்டு வட்டியில் அன்னதானம் நடத்துகிற அதே முறை. நாங்கள் புத்தகத்தில் நாலு பக்கம் படிக்கும் விஷயத்தை மூன்றே வார்த்தையில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

ஆடு என்பது இந்த மண்ணுக்கு ஏற்ற கணக்கு என்பதையும் பாருங்கள். மழை பொய்த்தால் நஞ்சை நிலம் வெறும் மண். ஆடோ தானே நடந்து மேய்ச்சலைத் தேடிப் போய்விடும். இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கீதாரிகள் கோடையில் கிடை போட மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வரை நடக்கிறார்கள். இந்த ஊரில் மனுஷனைப் போலவே மூலதனத்துக்கும் கால் வேண்டும்.

இந்தக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. கையில் பிரதி எடுத்துக்கொண்டு போய் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் புரியாது. "ஸ்வஸ்திஸ்ரீ" பிடிபட்டதும் விட மனசு வராது. ஒரு வேண்டுகோள்: எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாவு, சுண்ணாம்பு எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும், பள்ளம் தானே தெரியும்.

அருப்புக்கோட்டை வட்டத்திலேயே கோவிலாங்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் குலோத்துங்கன் காலத்து, அதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சமணக் கோயிலின் மிச்சம் உண்டு. கல்வெட்டில் சாமி பெயர் முக்குடையார், மூன்று குடைகளுக்குக் கீழே அமர்ந்த தீர்த்தங்கரர். சமணர்கள் போய்விட்டார்கள். தீர்த்தங்கரர் மட்டும் போகவில்லை. ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் சாமியாகவே ஆக்கி, அம்பலப்பசாமி என்று கும்பிட்டார்கள்.

விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை வரும் வழியில் பாலவனத்தம். பஸ் நிற்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மதுரையில் 1901ல் தமிழ்ச் சங்கத்தை (நான்காம் தமிழ்ச் சங்கம் என்பார்களே, அதே) நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார். ஸ்காட் என்கிற ஆங்கிலேயர் திருக்குறளை "திருத்தி" அச்சடித்தாராம். தேவர் அந்தப் பிரதிகளை எல்லாம் விலை கொடுத்து வாங்கிக் கொளுத்தினார் என்று ஒரு கதை தமிழாசிரியர்கள் வழியாக எல்லோருக்கும் தெரியும். தமிழாசிரியர்கள் அதிகம் சொல்லாததை நான் சொல்கிறேன். 1906ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது அதன் தலைவர் இவர்தான். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. கடல் கண்ணிலேயே படாத கரிசல்காட்டு ஜமீன்தார் ஒருவர், வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராக ஒரு கப்பல் கம்பெனிக்குத் தலைவர்! 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911ல் கம்பெனியைக் கலைத்தார்கள், அதே வருஷம் பாண்டித்துரைத் தேவரும் இறந்தார். அவருக்கு வயது 44.

அருப்புக்கோட்டை டவுனில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், கட்டடத்தை விட ஒரு ஏற்பாட்டைத்தான் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிப் போனால் வழியில் கொள்ளை நிச்சயம். அதனால் நாடார் வியாபாரிகள் ஊருக்கு ஊர் பேட்டை அமைத்தார்கள். வண்டி நிறுத்த, மாடு கட்ட, சரக்கு இறக்க, இரவு தங்கப் பாதுகாப்பான வளாகம். அவர்களின் பழைய ஆறு வியாபார ஊர்கள் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. கடைசி இரண்டும் இங்கே பக்கத்துப் பக்கத்தில். விற்கும் சரக்கில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, உறவின்முறை மூலம் பொதுக் காரியத்துக்குச் செலவழித்தார்கள். கோயில், கிணறு, பிறகு பள்ளிக்கூடம். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையும் (1889) இப்படி வந்ததுதான். சொந்தச் சாதிக்குள் சேர்த்த பணம் என்று ஒரு பக்கம் விமர்சிக்கலாம். கோயிலுக்குள் விடமாட்டோம் என்று 1890களில் கமுதியில் சண்டை போட்டவர்கள் இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தைத் தாங்களே கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது என்று இன்னொரு பக்கமும் கேட்கலாம். நான் இரண்டாவது கட்சி.

ஏவா பெரோனுக்குக் கல்லறை இருக்கிறது, உங்களுக்கு யார் என்று கேட்பவர்களுக்கு: 1977ல் எம்.ஜி.ஆர். முதல் முறை முதலமைச்சர் ஆனபோது அவர் அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. அடுத்த தேர்தலில் மதுரை மேற்குக்குப் போய்விட்டார். அவரும் போனவர்தான்!

இன்னும் நேரம் இருந்தால் நரிக்குடிப் பக்கம் முக்குளம். மருது சகோதரர்கள் பிறந்த ஊர். சிவகங்கைச் சீமை, காளையார்கோயில், 1801 ஜூனில் திருச்சியில் ஒட்டிய அறிக்கை, அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கு என்று அவர்கள் கதை முழுக்க வேறு ஊர்களில் நடக்கிறது. முக்குளத்துக்கு மிஞ்சியது முதல் வரி மட்டும்.

வருவதாக இருந்தால் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்திருந்தால் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், கொக்கும் நாரையும் இறங்கியிருக்கும், சினிமாவில் பார்த்த காடு இதுதானா என்று சந்தேகம் வரும். சித்திரையில் வந்தால் சீமைக்கருவேல மரமும் கரிமூட்டப் புகையும்தான், அதற்கு நான் பொறுப்பல்ல. காலையில் முதலில் பள்ளிமடம், பிறகு திருச்சுழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில்கள் மதியம் நடை சாத்தினால் திரும்பத் திறக்க சாயங்காலம் ஆகும். அந்த இடைவெளியில் சுந்தர மந்திரத்துத் திண்ணைப் பக்கம் உட்காரலாம். தண்ணீர் பாட்டில் கொண்டுவர மறக்காதீர்கள்.